குமிழ் விடாத துத்தநாகம்

வேறொருவர் லீவில் போன இடத்துக்குத் தற்காலிகமாக வந்த வேதியியல் வாத்தியாருக்கு, ஏப்ரல் நெருங்கினால் சோறு இறங்காது. எழுபதுகளின் கடைசியில், பசுமலைப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நான் அப்படி ஒரு ஜீவன். அதற்கு முன் மூன்று வருஷம் வீட்டில் சும்மா இருந்தவன்.

"இன்ஸ்பெக்டர் வாராரு. ஹைட்ரஜன் பாடத்தைச் செஞ்சு காட்டுங்க. அவரு நல்லவிதமா எழுதுனா ஜூன்ல உங்களையே போட்ருவோம்" என்றார் தலைமையாசிரியர்.

துத்தநாகத்தின் மேல் நீர்த்த கந்தக அமிலத்தை ஊற்றினால் ஹைட்ரஜன் குமிழ் குமிழாகக் கிளம்பும். ஜாடியில் பிடித்து எரியும் குச்சியைக் காட்டினால் 'டப்'. அவ்வளவுதான். எங்கள் ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமானும் குச்சியும் மட்டும் இருந்தன.

அமிலத்துக்குக் கோரிப்பாளையத்தில் பேட்டரி சார்ஜ் போடும் பாயிடம் போனேன்.

"எதுக்கு வாத்தியாரே?"

"ஹைட்ரஜன் எடுத்து வெடிக்க வைக்கணும் பாய்."

"யா அல்லா! அது வெடிச்சிரக் கூடாதேன்னு நான் பீடியையே விட்டுட்டேன். நீங்க தேடிப் போய் வெடிக்க வைக்கிறீகளா?"

துத்தநாகத்துக்கு என் மூளையே போதும் என்று நினைத்தேன். டீக்கடை ரேடியோவின் செத்த செல்களை வாங்கி உரித்து, உள்ளே இருந்த துத்தநாகத் தகட்டைப் புளி போட்டுத் தேய்த்தேன். குத்துவிளக்காட்டம் மின்னியது. என் அறிவும் கூடவே மின்னுவதாகப் பட்டது.

மறுநாள் இன்ஸ்பெக்டர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அமிலத்தை ஊற்றினேன். ஒன்றும் இல்லை. இன்னும் ஊற்றினேன். தகடு அசையாமல் கிடந்தது. "வரும், வரும்" என்றேன். அப்பா தினமும் காலையில் 'வேலைக்கு ஆள் தேவை' பக்கத்தை என் பக்கம் தள்ளிவிடும் சத்தம் காதில் கேட்டது. குடுவையைக் குலுக்கினேன். குழாய் வழியே ஒரே ஒரு குமிழ் ஜாடிக்குள் ஏறியது. பையன்கள் கைதட்டினார்கள். அது வெறும் காற்று என்று எனக்குத் தெரியும். இன்ஸ்பெக்டருக்கும் தெரிந்திருந்தது.

எழுந்து வந்தார். "தகடு ஏது?"

"பழைய செல்லுங்கய்யா."

"செல்லுக்குள்ள ஹைட்ரஜன் கிளம்பிரக் கூடாதுன்னுதான அந்தத் தகட்டுல பாதரசம் சேக்குறான்? நீங்க கெமிஸ்ட்ரிதான படிச்சீங்க?"

படித்தேன். அதே கேள்விக்குப் பரீட்சையில் முழு மார்க்கும் வாங்கியிருந்தேன்.

அவர் போனதும் தலைமையாசிரியர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "ஜூன்ல வேற ஆளைப் பாத்துக்கிறோம்."

சாயங்காலம் மிச்ச அமிலத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கடையில் லாரி பேட்டரிகள் மூடி திறந்து வரிசையாகச் சார்ஜில் கிடந்தன. ஒவ்வொரு துவாரத்திலும் ஹைட்ரஜன் தளதளவென்று குமிழ்விட்டுக்கொண்டிருந்தது, கேட்பாரில்லாமல்.

"என்ன வாத்தியாரே, வெடிச்சிருச்சா?"

"இல்ல பாய்."

"அல்ஹம்துலில்லாஹ்!" பாய் நெஞ்சில் கைவைத்தார். நாள் முழுக்கக் கவலைப்பட்டிருப்பார் போல. அந்த நிம்மதியைக் கெடுக்க மனசு வராமல் நானும் சிரித்துவைத்தேன்.

அப்புறம் வீட்டுக்குப் போகிற பஸ் வந்தது. அதை விட்டேன். அடுத்ததையும் விட்டேன்.