அத்தையை மீஞ்சூரில் விடப் போன வண்டி

எங்கள் நைனாவுக்குப் படகு தெரிந்த அளவுக்கு மோட்டார் சைக்கிள் தெரியாது. தெரியாது என்று அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை, அது வேறு விஷயம். பழைய வண்டி ஒன்றை வாங்கி எங்கள் ஊரான தோணிரேவுக்கு ஓட்டிவந்த அன்றைக்கே, உப்புக்காற்று உள்ளே புகுந்து டேங்கைத் தின்றுவிடும் என்று பெட்ரோல் மூடியிலிருந்த ஊசித்துளையை மெழுகு உருக்கி அடைத்தார். அந்தச் சாமர்த்தியத்தைத் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

மறுநாள் அவருடைய தங்கையை, அதாவது என் அத்தையை, மீஞ்சூரில் மாமா வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். தை மாதம் கோபித்துக்கொண்டு வந்தவள் கோடை முடிந்தும் எங்களோடுதான் இருந்தாள். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். உச்சிவேளைக்குள் கொண்டுவந்து விடுகிறேன் என்று நைனா வாக்குக் கொடுத்தார். தவறினால் அந்த வீட்டுக் கதவு அப்புறம் திறக்காது என்று மாமாவின் அம்மா சொல்லியனுப்பியிருந்தாள். மூன்றாம் வகுப்பு படித்த நான் அழுது புரண்டு, இருவருக்கும் நடுவில் ஏறிக்கொண்டேன்.

பழவேற்காடு தாண்டியதும் வண்டி இருமியது, நின்றது. ஏரியில் கையால் இறால் தடவிவிட்டு வந்த ஒருவர் கூடையை இறக்கி வைத்தார். டேங்கைத் திறந்தார், எட்டிப் பார்த்தார், மூடினார். "பெட்ரோல் கீது. பிளக்குதான்" என்று அதைக் கழற்றி லுங்கியில் துடைத்து மாட்டினார். ஒரே உதை, கிளம்பிவிட்டது! நைனா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

வயல்கள் ஆரம்பிக்கும் இடத்தில் மறுபடி நின்றது. மண்வெட்டியோடு வந்த ஒரு விவசாயி டேங்கைத் திறந்து பார்த்து மூடிவிட்டு, பிளக்கு என்று சொன்னவனைத் திட்டினார். கார்பரேட்டரில் மண் என்று மண்வெட்டிக் காம்பால் நாலு தட்டு தட்டினார். அதற்கும் கிளம்பியது. பொன்னேரிக்கு முன்னால் ஒரு டீக்கடை வாசலில் நின்றபோது கேட்கவே வேண்டாம். ஆளுக்கொரு வைத்தியம். முன்னால் பார்த்தவன் கண்ணில் நம்பிக்கையில்லாமல், ஒவ்வொருவரும் தனித்தனியாக டேங்கைத் திறந்து பார்த்தார்கள். கடைசியில் கடைக்கார அம்மா ஓர் எலுமிச்சம்பழத்தைச் சுற்றிப் போட்டாள். வண்டி கிளம்பியது. பெருமையெல்லாம் எலுமிச்சம்பழத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அத்தை இதில் எதிலும் தலையிடவில்லை. நின்ற இடத்திலெல்லாம் என்னை நிழலுக்குக் கூட்டிப்போய் உட்கார்ந்துகொண்டாள். நுங்கு வாங்கிக் கொடுத்தாள். நைனா உதைப்பதைப் போலவே நடித்துக் காட்டிச் சிரித்தாள். அத்தனை மாதத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

நாலாவது முறை நின்றபோது ஆள் அரவமே இல்லை. பெட்ரோல் இருப்பது ஊருக்கே தெரிந்துவிட்டதால் நைனா டேங்கைத் திறக்கவில்லை. உதைத்தார், உதைத்தார், செருப்பு அறுந்தது. வண்டியின் பரம்பரையையே திட்டித் தீர்த்துவிட்டு மைல்கல்லில் உட்கார்ந்தார். சூரியன் உச்சியை நெருங்கிக்கொண்டிருந்தது.

"தங்கச்சிய கொண்டும்போய் வுடக்கூட எனக்குத் துப்பில்ல. இன்னா மூஞ்சிய வெச்சிக்கினு அந்த வூட்டு வாசல்ல நிப்பேன்?" என்றபோது அவர் குரல் உடைந்தது. நைனாவின் கண் கலங்கி நான் பார்த்ததே இல்லை. பயந்துபோனேன்.

அத்தை கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வந்தாள்.

"அண்ணே, படகுல டேங்கு மூடியில காத்து வுடாம இஞ்சின ஓட்டுவியா?"

"எவனாவது ஓட்டுவானா? எண்ணெயே எறங்காதே."

"அப்ப இதுல இன்னாத்துக்கு மெழுகு வெச்ச?"

நைனா வாயைப் பிளந்தார். அத்தை தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவி அந்த மெழுகைக் குத்தி எடுத்தாள். அவ்வளவு தூரம் வண்டியை ஓட்டியது பிளக்குமில்லை, எலுமிச்சம்பழமுமில்லை. எட்டிப் பார்க்கிறேன் என்று ஆளாளுக்கு மூடியைத் திறந்தபோது உள்ளே போன காற்றுதான்.

"எப்ப தெரிஞ்சிது ஒனக்கு?" என்று கேட்டார் நைனா.

"இப்பத்தான்" என்றாள் அத்தை.

அப்புறம் வண்டி ஓடியது பாருங்கள், அடேங்கப்பா! நைனாவுக்குப் பாட்டே வந்துவிட்டது. உச்சிவேளைக்குச் சற்று முன்னால் மீஞ்சூர் தண்டவாளம் கண்ணில் பட்டபோது என் பின்கழுத்தில் சொட்டுச் சொட்டாக ஈரம் விழுந்தது. திரும்பினால் அத்தை அழுதுகொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்த ஆறுதலைச் சொன்னேன்.

"அழாத அத்த. வண்டி இனிமே நிக்கவே நிக்காது."