மேமலைக்குப் போகாத அழைப்பு

போன வாரம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் தன் கணினித் திரையைக் காட்டி, நிரல் ஏன் அசையாமல் நிற்கிறது என்று கேட்டாள். சி மொழியில் ஒரு நிரல் இன்னொரு நிரலைக் கூப்பிட்டு வேலை சொல்வதற்கான செய்தியை உருவாக்கும் வரி அது. பெறுநர் பெயரில் ஓரெழுத்துப் பிழை. சொன்னேன், திருத்தினாள், சிரித்தாள். நான் வெளியே போய் ஒரு பிளேன்டீ வாங்கி, குடிக்காமலே ஆறவிட்டேன். பதினைந்து வருடத்துக்கு மேலாகியும் அந்த வரியைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

பதுளையில் ஒரு புடைவைக் கடையின் மாடியில் எங்கள் கம்பனி இருந்தது. கம்பனி என்றால் முதலாளி, சிவநேசன், நான், மூன்று கணினிகள். படியேறும்போதே புதுச் சாரத்தின் கஞ்சி வாசம் மூக்கில் ஏறும். இன்றைக்கும் புதுச் சாரம் உடுத்தினால், வரியின் முடிவில் அரைப்புள்ளி போட மறந்துவிட்டேனோ என்று தோன்றும். சிரிக்காதீர்கள், அப்படித்தான் நான் தொழில் பழகினேன். சிவநேசன் யாழ்ப்பாணத்துக்காரர், என்னோடு சேர்ந்து வேலை பார்த்தவர். பேச்சு குறைவு, நிரலில் பிழை அதைவிடக் குறைவு. நான் மேமலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்தவன். அம்மா தேயிலைக் கொழுந்தெடுத்த தோட்டம். அவர் இறந்த பிறகு பதுளைக்கு வந்து, எப்படியோ கணினியில் ஒட்டிக்கொண்டேன்.

அந்த மேமலைக்கே ஒரு வேலை வந்தது. லயத்துக்கு மேலே மலைச்சரிவில் மழைமானி, லயத்தின் முன்னால் கம்பத்தில் ஒரு சைரன். இரண்டும் தோட்டத்து ஆபீஸ் கணினியோடு இணைந்திருக்கும். மழை அளவு மீறினால் சைரன் ஊத வேண்டும், சனம் கீழே இறங்கிவிடும். மழைமானியைப் படிக்கும் நிரல் என்னுடையது, சைரனை ஊதும் நிரல் சிவநேசனுடையது. ஒரே கணினியில் ஓடினாலும் ஒரு நிரல் மற்றதன் உள்ளே கைவைக்க முடியாது. செய்திதான் அனுப்ப வேண்டும். எந்த நிரலுக்கு, அதற்குள் எந்தப் பொருளுக்கு, எந்த இடைமுகத்தில், என்ன செய்ய: இந்த நான்கையும் கொடுத்தால் செய்தி உருவாகும். அதைச் சுமந்து போகிற ஏற்பாட்டுக்கு டி-பஸ் என்று பெயர். நான் முதல் இரண்டு நாள் பொருளின் பாதையில் ஒரு சாய்கோட்டை விட்டுவிட்டு, டி-பஸ்ஸும் வெலிமடை பஸ் மாதிரி வந்தால்தான் நிச்சயம் என்று புலம்பிக்கொண்டிருந்தேன்.

சிவநேசன் என் நிரலை முழுதாக வாசித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"மறுமொழி வராட்டி என்ன செய்யிறதெண்டு எழுதினனீரோ?"

எழுதவில்லை. பிறகு எழுதினேன்.

தோட்டத்தை நடத்திய பெரிய துரைக்குச் சைரன் நேராக ஊதுவது பிடிக்கவில்லை. அழைப்பு முதலில் ஆபீஸ் திரைக்குப் போக வேண்டும், அங்கே எழுத்து வேலை பார்க்கும் கிளாக்கர் பார்த்துச் சம்மதம் என்று அழுத்திய பிறகே ஊத வேண்டும் என்றார். பெறுநர் பெயரை மாற்றினேன். ஆனால் மூன்று தடவை மறுமொழி வராவிட்டால் அழைப்பு நேராகச் சைரனுக்கே போகும்படி வைத்தேன். பரீட்சித்துப் பார்த்த அன்று கிளாக்கர் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். மூன்று தடவை கேட்டுப் பார்த்துவிட்டுச் சைரன் ஊதியது. மலையில் நின்ற பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது. துரைக்கு அரைநாள் கொழுந்து போய்விட்டது.

அந்த மூன்று தடவைக் கதையை எடுத்துவிடச் சொன்னார். முதலாளி என் பின்னால் வந்து நின்று, வாடிக்கையாளர் சொல்வதைச் செய் என்றார். சிவநேசன் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. நான் எடுத்தேன். ஆறு வரி. நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கும் ஆசை எனக்கு எப்போதும் உண்டு. அந்த நல்ல பிள்ளையை இன்று கண்டால் அறைவேன்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஆபீஸ் பூட்டியிருந்தது. மழைமானி அளவைத் தாண்டியது, என் நிரல் அழைத்தது, பூட்டிய அறையில் திரை ஒளிர்ந்தது. இருபத்தைந்து விநாடி காத்திருந்து, மறுமொழி இல்லை என்று எழுதிவிட்டு மறுபடி அழைத்தது. பகல் வரைக்கும் அழைத்துக்கொண்டே இருந்தது.

லயத்தில் பார்வதி அக்கா, எங்கள் பக்கத்து அறைக் காம்பராக்காரர், மலையிலிருந்து குழாயில் விழும் பீலித் தண்ணீர் சேறாக வருவதைக் கண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டியிருக்கிறார். எல்லாரும் இறங்கினார்கள். அவருடைய புருஷன் ராமையா அண்ணனும் இறங்கினார். பிறகு மாட்டை அவிழ்த்துவிடத் திரும்பிப் போனார். மலை வந்தது. மூன்றாம் நாள்தான் மண்ணுக்குள்ளிருந்து அவரை எடுத்தார்கள்.

விசாரணைக்கு முன்னால் முதலாளி ஒரு கடிதம் தயாரித்திருந்தார். நிரலில் எதிர்பாராத கோளாறு என்று அதில் இருந்தது. சிவநேசன் வாசித்துவிட்டுத் தள்ளிவைத்தார்.

"கோளாறில்லை. சொன்னதைத்தான் செய்தது."

அன்றோடு அவர் வேலைக்கு வரவில்லை. நானும் கையெழுத்துப் போடவில்லை. ஆபீஸ் கணினியிலிருந்த பதிவை அச்செடுத்துக்கொண்டு, விசாரணை நடந்த தோட்டத்துப் பாடசாலைக்குப் போனேன். பெட்டியும் பாயுமாக லயத்துச் சனமெல்லாம் அங்கேதான் இருந்தது. அழைப்பு போனது, மறுமொழி இல்லை. அழைப்பு போனது, மறுமொழி இல்லை. பக்கம் பக்கமாகத் தமிழில் வாசித்தேன். எந்தத் தேதியில் எந்த ஆறு வரியை எடுத்தேன், யார் எடுக்கச் சொன்னார் என்பதையும் சொன்னேன். துரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்வதி அக்கா எழுந்தார்.

"தம்பி, அத எடுத்தது நீயா?"

"ஆமாக்கா."

"வேணாமுன்னு ஒரு வார்த்த சொன்னியா?"

"இல்லக்கா."

அவர் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். விசாரணை அதிகாரி காகிதங்களை வாங்கித் தன் கோப்புக் கோவைக்குள் வைத்தார். அதற்குப் பிறகு அதை யாரும் கண்டதில்லை. துரைக்கு இதைவிடப் பெரிய தோட்டம் கிடைத்தது. என்னை முதலாளி மறுநாளே அனுப்பிவிட்டார்.

எனக்குத் துரைமேல் கோபம், முதலாளிமேல் கோபம், கோவையை மூடிய கைமேல் கோபம். இவ்வளவையும் கூட்டினாலும் என்மேல் இருக்கிற அளவுக்கு வராது.

போன வருடம் அங்கே போனேன். லயமில்லை, பீலியில்லை, பாடசாலைக் கட்டடத்தில் உரமூட்டை அடுக்கியிருக்கிறார்கள். பார்வதி அக்கா கொழும்பில் வீட்டுவேலைக்குப் போனதாகச் சொன்னார்கள், எந்த வீடென்று ஒருவருக்கும் தெரியவில்லை. மண் இறங்கிய இடத்தை நிரவித் தேயிலை வைத்திருந்தார்கள். அங்கே நின்ற இளம் கங்காணியிடம் மேமலை லயம் எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டேன். அவருக்கு அந்தப் பெயரே தெரியவில்லை.

"இது ஆறாம் நம்பர் மலைங்க" என்றார். "கொழுந்து நல்லா வருது."