தராசைத் தூக்கிப் போடச் சொன்னவர்

1997 ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை, காலை 6.40. மயிலாப்பூர் சந்தைக் குப்பையை எங்கள் எரிவாயுத் தொட்டிக்குக் கொண்டுவரும் மூன்று சக்கர வண்டிகள் பதினொன்று. அன்று வந்தவை பத்து. "கன்னியம்மா எங்கே? இன்னிக்கும் லேட்டா?" என்று எரிந்து விழுந்தேன். "அக்கா ராத்திரி பூட்ச்சு சார்," என்றார் முதல் வண்டி மல்லிகா. மூன்று நாள் காய்ச்சலில் இறந்துவிட்டாராம்.

இந்த நினைவுக் குறிப்பைப் படிக்கும், அவரைத் தெரிந்த உங்களுக்கு அவர் வாய் தெரியும். அந்த வாய்தான் தொட்டியைக் காப்பாற்றியது.

தொட்டி என் வடிவமைப்பு. குப்பையை எடை போட்டுக் கூலி என்ற விதியும் என்னுடையதே. இரண்டு மாதத்தில் எடை ஏறியது, வாயு இறங்கியது. மாதக் கடைசிக்குள் அந்த வாயுவில் அடுப்பு எரியாவிட்டால் மூடிவிடுவதாகப் பணம் தந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். பதினொரு பேருக்கும் வேலை போய்விடும். நான் அமிலத்தன்மை, வெப்பநிலை என்று அளந்துகொண்டிருந்தேன். கன்னியம்மா தன் கூடையை என் முன்னால் கவிழ்த்தார். முட்டைக்கோஸ் இலைக்கு அடியில் ஈர மணல்.

"யார் போட்டது?"

"நான்தான். எல்லாருந்தான். நீ எடைக்குத்தான குடுக்குற? எதுக்குக் குடுக்குறியோ அதான் வரும் நைனா."

"இப்ப என்ன செய்யறது?"

"தராசத் தூக்கிக் கடாசு. நாள் கூலி குடு. கேஸ எங்க சோத்துக்கு வுடு. அப்பால எவ மண்ணு போடறான்னு நாங்க பாத்துக்குறோம்."

தொட்டியில் சேர்ந்திருந்த மணலை அள்ளி வெளியே போட்டோம். தொட்டியருகே நான்கு அடுப்புகள், முறை வைத்துச் சமையல். ஒருவர் மணல் போட்டால் எல்லார் உலையும் வேகாது. ஒருவர் கூடையை மற்றவர்கள் கிளறிப் பார்த்தார்கள். கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு நீலச் சுடர் வந்தது. கன்னியம்மா அதில் நெத்திலிக் குழம்பு வைத்தார்.

ஒருநாள் கேட்டார்: "குப்பையே இல்லாத ஊரு ஆயிட்டா இந்த அடுப்பு எப்டி எரியும்?"

"அதெல்லாம் ஆகாது."

"ஆவக் கூடாதுன்னு நெனைக்கிறியா? உன் வேல பூடும்னு பயமா கீதா?"

சிரித்துவிட்டுப் போனார்.

காய்ச்சலின் முதல் இரண்டு நாளும் அவர் வண்டி மிதித்தார் என்பது சாவு வீட்டில்தான் தெரிந்தது. வந்தால்தான் கூலி. அதுவும் என் விதி. வருகைக்குக் கொடுத்தேன், வந்திருக்கிறார். "எதுக்குக் குடுக்குறியோ" என்ற அவர் பேச்சைத்தான் நான் மனதில் வைத்துக்கொள்கிறேன்.

இனிச் செய்ய வேண்டியவை:

1. 'எதற்கும் இருக்கட்டும்' என்று மூலையில் வைத்திருக்கும் தராசை இரும்புக் கடையில் போடுவது.
2. அவருடைய அடுப்பு முறையை அவர் மகளுக்கு விடுவது.
3. குப்பையில்லாத ஊர்க் கேள்விக்கு விடை தேடுவது.
4. காய்ச்சல் நாளுக்கும் கூலி. நாளை முதல்.