கொழிஞ்சாம்பாறையில் கிளவுட் வகுப்பு

எங்கோ இருக்கிற, கண்ணால் பார்க்கவே முடியாத கம்ப்யூட்டரை வாடகைக்கு எடுத்து நடத்துவது எப்படி என்று சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிற இரண்டு விஷயத்துக்கு இரண்டு பெயர் வைத்து, என்ன வித்தியாசம் என்று கேட்பது தேர்வு நடத்துகிறவர்களின் பிழைப்பு. அந்தத் தேர்வுக்குப் படித்து நொந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். நம் கூட்டத்துக்காகத்தான் இது.

விருந்தாளிகள்

மயில்சாமி தென்னந்தோப்புக்காரர் வீட்டுப் பிள்ளை. கொழிஞ்சாம்பாறையிலிருந்து தினமும் கோயம்புத்தூர் கம்பெனிக்குப் போய்வருகிறவர். தேறினால் கிளவுட் பிரிவில் இடம், இல்லாவிட்டால் தோப்பைப் பார்த்துக்கொள்ளலாம் என்று கம்பெனியில் அன்பாகச் சொல்லியிருந்தார்கள்.

அவருக்கு ஸ்கேலபிலிட்டியும் எலாஸ்டிசிட்டியும் குழம்பிக்கொண்டே இருந்தன. "வேலை கூடும்போது பெரிதாக்க முடிந்தால் ஸ்கேலபிலிட்டி. கூடும்போது தானாக விரிந்து, குறையும்போது தானாகச் சுருங்கினால் எலாஸ்டிசிட்டி" என்று மறுபடியும் சொன்னேன். அண்ணன் கல்யாணம் முடிந்து அன்றுதான் வகுப்புக்குத் திரும்பியிருந்தவர், கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "எங்க ஊட்டுக்கு வந்த சொந்தக்காரங்க பெருகறாங்களே தவிர, சுருங்கறதே இல்லீங்க சார். அப்ப நாங்க ஸ்கேலபிள்தானுங்க, எலாஸ்டிக் இல்லீங்க."

இரண்டு இடத்தில் இருந்தால் பத்திரம்

முத்துமாரி தேவிகுளம் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஆன்லைனில் படித்தவர். ஒரு ரிசார்ட்டில் ரிசப்ஷன் வேலை. அப்பாவும் அம்மாவும் தேயிலை வேலையிலிருந்து ஓய்வு பெறும் சமயம். ஓய்வு பெற்றால் லயத்து வீட்டை எஸ்டேட்டிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதற்குள் வெளியூரில் ஒரு நல்ல வேலை கிடைக்காவிட்டால் மூன்று பேரும் எங்கே போவது என்று அவருக்கே தெரியாது.

உடனுக்குடன் இன்னொரு இடத்திலும் பதியும் ரெப்ளிகேஷன் வேறு, தனியாக எடுத்துவைக்கும் பேக்கப் வேறு என்று படித்த சூட்டோடு, புக்கிங் விவரங்களுக்குத் தனியாக ஒரு பேக்கப் வேண்டும் என்று மேனேஜரிடம் சொல்லியிருக்கிறார். இரண்டு சர்வரில் ஒரே நேரத்தில் பதிவாகிறதே, போதாதா என்று மேனேஜர் அனுப்பிவிட்டார். சீசன் தொடங்கியதும் பழைய புக்கிங்குகளை நீக்கப்போய், புதியதையும் சேர்த்து மேனேஜரே அழித்தார். அடுத்த சர்வரும் பேச்சைத் தட்டாமல் உடனே அழித்தது. யாருக்கு எந்த அறை என்று யாருக்கும் தெரியவில்லை. வாசலில் கார் வந்து நிற்க நிற்க, முத்துமாரி சிரித்த முகத்தோடு பெயர் கேட்டுக்கொண்டிருந்தார். மேனேஜர் இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "ரெண்டுலயும் ஒரே மாதிரி அழிஞ்சிருக்கு பாத்தியாம்மா, சிஸ்டம் கரெக்டாத்தான் வேலை செய்யுது."

தேர்வுக்கூட வாசல்

நெட்வொர்க்குக்கு வாசல் காக்கிற ஃபயர்வாலில் இரண்டு வகை. ஒன்று, உள்ளே விட்ட ஆளை நினைவில் வைத்திருக்கும், வெளியே போகும்போது கேள்வி கேட்காது. இன்னொன்றுக்கு நினைவே கிடையாது, போனாலும் வந்தாலும் சோதிக்கும். எந்த வகை என்ன செய்யும் என்று மயில்சாமிக்குக் கடைசிவரை மனதில் நிற்கவில்லை.

தேர்வுக்கு நடுவில் பாத்ரூம் போக எழுந்திருக்கிறார். வாசலில் இருந்த காவலாளி சட்டைப் பை, கைமடிப்பு, கண்ணாடி எல்லாம் பார்த்து வெளியே விட்டார். திரும்பி வந்ததும் அதே பை, அதே கைமடிப்பு, அதே கண்ணாடி. உள்ளே போய் உட்கார்ந்தால் அடுத்த கேள்வியே ஃபயர்வால்தான். தேறிவிட்டார். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லித்தந்தது நான் இல்லை, "இப்பத்தானுங்கண்ணா பாத்தீங்க" என்று இவர் கேட்டதற்குக் காவலாளி சொன்ன வார்த்தைதான்: "அது போறதுக்குப் பாத்தது. இது வர்றதுக்கு."

பாராட்டு

சான்றிதழை பிரிண்ட் எடுத்துக்கொண்டு மயில்சாமி தன் மேனேஜரைப் பார்க்கப் போனார். அவர் எழுந்து கை கொடுத்தார்: "வாழ்த்துகள். கிளவுட் நமக்குக் கட்டுப்படியாகலைன்னு எல்லாத்தையும் ஆபீஸ் சர்வருக்கே திருப்பிக் கொண்டுவர்றோம். கழட்டறதுக்கு கிளவுட் தெரிஞ்ச ஆளு இல்லாம முழிச்சிட்டிருந்தோம், நல்லவேளை பாஸ் பண்ணிட்டீங்க."

இன்டர்வியூ

முத்துமாரியும் தேறினார். கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றிலிருந்து வீடியோ இன்டர்வியூவுக்கு அழைத்தார்கள். எஸ்டேட்டில் அன்று நல்ல மழை. ஹை அவைலபிலிட்டிக்கும் ஃபால்ட் டாலரன்ஸுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்ட நேரத்தில் லைன் அறுந்தது. லயத்துக்குப் பின்னால் இருந்த மேட்டுக்குக் குடையோடு ஓடி, அங்கிருந்து திரும்ப இணைந்திருக்கிறார். கேட்டவர் கேள்வியை மறந்திருந்தார். இவர் மறக்கவில்லை. வேலை கிடைத்தது, இப்போது மூன்று பேரும் சிங்காநல்லூரில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். மேட்டில் நனைந்துகொண்டு அவர் சொன்ன பதில்: "சார், நடுவுல கட்டாச்சு, ஆனா சட்டுன்னு திரும்ப வந்துட்டேன்லா, இது ஹை அவைலபிலிட்டி. கட்டே ஆகாம பேசியிருந்தா அது ஃபால்ட் டாலரன்ஸ். எங்க எஸ்டேட்ல அது கிடையாது சார்."

மொத்தத்தில் இந்தத் தொழிலில் நான் கண்டது, பாடம் புரிவதற்கு வாத்தியார் தேவையில்லை, சரியான நேரத்தில் ஏதாவது ஒன்று கெட்டுப்போனால் போதும்.