மோந்து பார்த்தால் போதும்

பிரான்சுக்குப் போய் வந்தவள் என்றதும் எங்கள் வார்டில் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அந்த இரும்புக் கோபுரத்தப் பாத்தீங்களா சிஸ்டர்?" பார்க்கவில்லை. நாங்கள் போனது ஒரு திராட்சைத் தோட்டத்துக்கு. கண்ணுக்கு எட்டிய தூரம் வரிசை வரிசையாகக் கொடி, நடுவில் ஒரு பழைய கல் வீடு. பக்கத்து வீட்டுக்குப் போகவும் கார் எடுக்க வேண்டும். அங்கேதான் நானும் என் வீட்டுக்காரரும் ஒரு வாரம் தங்கினோம்.

எனக்கு வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. அவருக்கு ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில், தோலுக்கு நிறமும் பளபளப்பும் ஏற்றுகிற பிரிவில் வேலை. கைப்பை செய்கிற பிரெஞ்சுக்காரர் ஒருவர் வருஷா வருஷம் வந்து தோல் வாங்குவார். இவர் கை படுகிற பழுப்பு நிறம் வேறெங்கும் கிடைக்காது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து, "மனைவியோடு வாருங்கள், என் அண்ணன் ஒயின் செய்கிறார், அவர் தோட்டத்தில் இருந்து ஓய்வெடுங்கள்" என்று சொல்லி டிக்கெட்டையும் அனுப்பிவிட்டார். எங்கள் பெண்ணைப் பேரணாம்பட்டில் என் அக்கா வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

நான் ஆசையோடுதான் போனேன், அதை மறைப்பானேன். கல்யாணமானதிலிருந்து நாங்கள் இரண்டு பேர் மட்டும் எங்கேயும் போனது கிடையாது. வீட்டில் இருந்தாலும் அவர் தள்ளியே இருப்பார். வேலையிலிருந்து வந்ததும் சோப்பு கரைகிற வரைக்கும் குளிப்பார். துவட்டிக்கொண்டே, "வாடை வருதா?" என்று கேட்பார். இல்லை என்று சொன்னாலும் நம்பாமல் மறுபடி போய் ஊற்றிக்கொள்வார். சர்ச்சில் பெஞ்சின் கோடியில் ஓர் ஆள் இடம் விட்டு உட்காருவார். படுப்பது ஹாலில், பாய் போட்டு. "தோல் வாடை, உனக்குப் பேஜாரு" என்பார். தோல் வாடை வீசாத வீடு எங்கள் ஊரில் எது? அதைச் சாக்கு வைத்து என்னை ஒதுக்குகிறார் என்றே நினைத்தேன்.

சாப்பாட்டிலும் அதே கதைதான். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குத் தெருவே மூக்கை நீட்டும். இவர் ஒரு வாய் வைத்ததும் ஊறுகாய் பாட்டிலைத் திறப்பார். தலை நிறைய மல்லி வைத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றாலும் பேப்பரிலிருந்து முகம் நிமிராது. "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

இந்த ஒரு வாரத்திலாவது மனுஷர் என் பக்கம் திரும்புகிறாரா பார்ப்போம், இல்லையென்றால் இனி அவரிடம் எதையும் எதிர்பார்ப்பதில்லை என்று மனசுக்குள் முடிவு கட்டிக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

அவர் திரும்பவில்லை. பெரிய கட்டில் போட்ட அறை கொடுத்தார்கள். முதல் நாளே ஒரு போர்வையை எடுத்துக்கொண்டு ஜன்னலோர சோபாவுக்குப் போய்விட்டார். காலையில் எழுந்து கொடிகளுக்கு நடுவே நடக்கப் போனால் வெயில் ஏறித்தான் வருவார். அறுவடை முடிந்து இலைகள் சிவந்திருந்தன. பார்க்க அழகுதான், ஆனால் எவ்வளவு நேரம் பார்ப்பது? ஆம்பூரில் லாரி ஹாரனும் ரயிலும் பாங்கு சத்தமும் பக்கத்து வீட்டுக் குக்கரும் காதை விட்டு நகராது. அங்கே ஒரு சத்தமும் இல்லை. வேலைக்கு வருகிற அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்து இரண்டு வார்த்தை பிரெஞ்சில் சொல்வாள், நானும் சிரிப்பேன், அதோடு சரி. தமிழ் காதில் விழ வேண்டுமே என்று பைபிளில் தெரிந்த சங்கீதங்களை எனக்கு நானே வாய்விட்டுச் சொன்னேன். ஊரிலிருந்து கொண்டுபோன காபித்தூள் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடி வைப்பேன். அவ்வளவு தனிமையை நான் நைட் டியூட்டியில்கூட அனுபவித்ததில்லை. புருஷன் கூட இருக்கும்போதே இப்படி என்பதுதான் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சொந்தக்காரர்களையெல்லாம் கூப்பிட்டு விருந்து வைத்தார்கள். நீள மேசை, ஆளுக்கு மூன்று கண்ணாடிக் கோப்பை. சர்ச்சில் திருவிருந்தின்போது தருகிற ஒரு மிடறு திராட்சரசத்தைத் தவிர நாங்கள் எதையும் தொடுகிறவர்கள் இல்லை. அதைச் சொன்னதும் தோட்டத்துக்குச் சொந்தக்காரரான அண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் சொன்னதைத் தோல் வாங்குகிற தம்பி எங்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னார்: "குடிக்க வேண்டாம். மோந்து பார்த்தால் போதும். ஒயினில் பாதி மூக்குக்குத்தான்."

ஒவ்வொருவராகக் கோப்பையைச் சுழற்றி, மோந்து, என்ன வாசனை என்று சொல்ல வேண்டும். என் முறை வந்தது. கிராம்பு என்றேன். அடுத்ததில் மழை பெய்த மண். அதற்கடுத்ததில் நாவல்பழம், அது என்ன பழம் என்று விளக்கவே பாதி நேரம் போயிற்று. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் நான் சொல்லி முடித்த பிறகு, "யெஸ், கிராம்பு", "யெஸ், மண்" என்று தலையாட்டினார். பக்கத்துப் பையன் சிலேட்டைப் பார்த்து எழுதுகிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

கடைசியில் எங்களைக் கௌரவிக்க ஒரு பழைய பாட்டிலைக் கொண்டுவந்தார்கள். முதல் கோப்பை அவருக்கு. இந்தத் தடவை அவருக்கு முன்னால் சொல்ல யாரும் இல்லை. கண்ணை மூடி ஆழமாக இழுத்தார். "பியூட்டிஃபுல். வெரி பியூட்டிஃபுல்" என்றார். மற்றவர்களுக்கும் ஊற்றினார்கள். என் கோப்பையில் நனைந்து மக்கிய கோணிப்பை நாற்றம். மேசையில் ஒருவர் முகமும் சரியில்லை. கார்க் கெட்டுப்போய் ஒயின் வீணாகிவிட்டது என்று தம்பி மெதுவாகச் சொன்னார். ஓர் அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் வீட்டுக்காரரும் சிரித்தார், என்னிடம் சிரிக்கிற அதே சிரிப்பு.

முதலில் மானம் போயிற்றே என்றுதான் இருந்தது. மாடிப்படி ஏறும்போது வேறொன்று உறுத்தியது. நல்ல வாசனை தெரியாதவர்கள் உண்டு. நாற்றம் எப்படித் தெரியாமல் போகும்?

அறைக் கதவைச் சாத்தினேன். "கண்ண மூடுங்க."

"இன்னாத்துக்கு?"

"மூடுங்கன்றேன்ல."

மூடினார். காபித்தூள் டப்பாவைத் திறந்து அவர் மூக்குக்குக் கீழே பிடித்தேன். அறை முழுக்க மணத்தது. "இன்னா வாசன?"

இழுத்தார். இன்னொரு தடவை இழுத்தார். பிறகு தயங்கித் தயங்கி, "மல்லியா?" என்றார்.

கண்ணைத் திறந்து டப்பாவைப் பார்த்தவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

"எப்போலேர்ந்து?"

"பாப்பா பொறக்கறதுக்கு முன்னாடிலேர்ந்து. சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் வேல செஞ்சப்ப ஒரு ஜொரம் வந்துச்சே, அதோட போச்சு. ஜொரமா, கெமிக்கலா, தெரில."

"ஏங்க சொல்லல?"

"கேஸ் கசிஞ்சா மோப்பம் தெரியாதவன்னு தெரிஞ்சா கம்பெனில உள்ள விடுவாங்களா? உன்கிட்ட சொன்னா நீ மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துனு போவ."

"அதான் ஹால்ல படுத்தீங்களா?"

"என்மேல நாத்தம் வருதா இல்லியான்னு எனக்கு எப்டிம்மா தெரியும்? நீ இல்லன்னுதான் சொல்லுவ. மனசுக்காகச் சொல்றியோன்னு இருக்கும்."

வார்டு வாசலில் நின்றே எந்தக் கட்டிலில் புண் சீழ் வைத்திருக்கிறது என்று மூக்கால் சொல்லிவிடுவேன். டாக்டர்கள் அதற்காக என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். கற்பூரம், கழுதை என்று நான் ஏசியதெல்லாம் அப்போது என் காதிலேயே கேட்டது. அழுதேன். அவர் தொடலாமா வேண்டாமா என்று தெரியாமல் கையை நீட்டி, பாதியில் நிறுத்திக்கொண்டார். நான்தான் இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

ஜன்னலோரம் உட்கார்ந்தோம். அவர் வெளியே சிவந்த கொடிகளைப் பார்த்தார்.

"ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க."

"பாப்பா பொறந்தப்ப எல்லாரும் அது தலைய மோந்து மோந்து பாத்தீங்களே. நீ, உங்கக்கா, எங்கம்மா எல்லாரும். நானும் மோந்து பாத்தேன். அது இன்னா வாசனம்மா?"

கிராம்பும் மண்ணும் நாவல்பழமும் சொல்லிக் கைத்தட்டு வாங்கியவள் நான். பால் என்று தொடங்கினேன். பால் மட்டும் இல்லை. சாம்பிராணிப் புகை காட்டிய முடி என்றேன், அதுவும் இல்லை. கொஞ்சம் வேர்வை, கொஞ்சம் வெயில் என்றேன். எதுவும் பொருந்தவில்லை.

அவர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்.