மேனேஜர் மிஷினில் மட்டும்

ஊரெல்லாம் நன்றாக ஓடிவிட்டு, யார் பார்க்க ஓட வேண்டுமோ அவர் முன்னால் மட்டும் படுத்துக்கொள்கிற ஒன்றைச் செய்து விற்பதுதான் எங்கள் தொழில். கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிய சக பாவிகளே, எண்பதுகளின் கடைசியில் தர்மபுரியில் நான் பட்டதையும் கேளுங்கள்.

முதலாளியின் தீர்ப்பு

எங்கள் கம்பெனியில் ப்ரோக்ராம் எழுத நானும் சலீமும் மட்டும்தான். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாம்பழக்கூழ் தொழிற்சாலைக்குச் சரக்குக் கணக்கு ப்ரோக்ராம் எழுதிக் கொடுத்தோம். அவர்கள் ஏதாவது மாற்றம் கேட்டால், அங்கேயே போய்த் திருத்தி, மறுபடி கம்பைல் செய்ய வேண்டும், அதாவது எழுதியதை மிஷின் ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்ற வேண்டும். அங்கே மூன்று மிஷின்கள், ஒரே நாளில் வந்திறங்கியவை. இரண்டில் கம்பைல் ஆனது. மேனேஜர் அறையில் இருந்ததில் மட்டும் பாதியிலேயே உறைந்து நின்றது.

மாம்பழ சீசன் வேறு தொடங்கிவிட்டது. இந்த வாரத்துக்குள் சரியாகாவிட்டால் இருவரும் வேலைக்கு வரவேண்டாம் என்றார் முதலாளி. மிஷினில் கோளாறு இருக்கலாமே என்றேன். அவர் யோசிக்கக்கூட இல்லை.

"நம்ம மிஷின்ல ஓடுதில்ல? அப்பத் தப்பு உங்க ரெண்டு பேர் மேலதான்."

குளிர் அறை

பஸ் பிடித்துப் போனோம். மற்ற மிஷினில் கம்பைல் செய்து கொண்டுவந்து போடுகிறோம் என்றோம். தன் மிஷினில் உருவானதுதான் தன் மிஷினில் ஓட வேண்டும் என்றார் மேனேஜர். செருப்பைக் கழற்றிவிட்டு அவருடைய ஏ.சி. அறைக்குள் போனோம்.

உட்கார்ந்து தட்டியது நான். கேள்வி கேட்டது நான். பதில் எல்லாம் என் பின்னால் சும்மா நின்ற ஆண்பிள்ளை சலீமுக்குப் போனது. மூன்றாம் முறையும் திரை உறைந்தபோது, மேனேஜர் காரணத்தையே கண்டுபிடித்துவிட்டார்.

"தம்பி, அந்தப் பாப்பாவைக் கொஞ்சம் மெதுவாத் தட்டச் சொல்லுங்க."

இன்ஜினீயர் வந்தார்

மிஷினை விற்ற கம்பெனியின் இன்ஜினீயர் டையோடு வந்தார். மூடியைத் திறந்தார், உள்ளே ஊதினார், மூடினார். கூழ் அரைக்கிற மோட்டார் ஓடுவதால் கரண்டு ஏறி இறங்குகிறது, அதை நிறுத்துங்கள் என்றார். நிறுத்தினார்கள். வாசலில் மாம்பழ லாரிகள் வரிசைகட்டின. வெட்டி வைத்த பழத்தில் ஈ மொய்த்தது. வேலைக்கு வந்த பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்தார்கள்.

அப்போதும் அதே இடத்தில் உறைந்தது. இன்ஜினீயர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"அப்பாடா, மிஷின் நல்லா இருக்குதுன்னு தெரிஞ்சு போச்சுங்க."

கடிகாரம்

அவர் போனபின், மற்ற மிஷின்களில் இல்லாதது இங்கே என்ன இருக்கிறது என்று திரையை உற்றுப் பார்த்தேன். வலது மூலையில் ஒரு சின்னக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கீழே மேனேஜர் பெயர், பட்டத்தோடு. பெங்களூரில் யாரோ நண்பர் போட்டுக் கொடுத்ததாம். மிஷினைப் போட்டதும் அது மெமரியில் ஏறிக் குந்திக்கொள்ளும்; நாள் முழுக்க இறங்காது. மிச்சமிருந்த இடம் கம்பைல் செய்யப் போதவில்லை.

கடிகாரத்தை எடுத்தேன். டீ ஆறுவதற்குள் கம்பைல் ஆகிவிட்டது. சலீம் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். மேனேஜர் மட்டும் காலியான மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதெல்லாஞ் சரிங்க தம்பி, கடிகாரத்தைத் திரும்ப வச்சுட்டு, உங்க ப்ரோக்ராமைக் கொஞ்சம் சின்னதாப் பண்ணிக் குடுங்க."

பாராட்டு

கடிகாரத்தைத் திரும்ப வைத்தோம், வேறு வழி? கம்பைல் செய்யும்போது மட்டும் கடிகாரம் இல்லாத தனி ஃப்ளாப்பி போட்டு மிஷினைத் தொடங்கும்படி கிளார்க்குக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுத் தர்மபுரி திரும்பினோம். வேலை தப்பியது. நடந்ததை எல்லாம் முதலாளி பொறுமையாகக் கேட்டார். பாராட்டப் போகிறார் என்று நானும் முட்டாள்தனமாக நின்றேன்.

"கடிகாரம் நல்லாருக்குதே, நம்ம கஸ்டமர் எல்லாருக்கும் போட்டுக் குடுத்துடுங்க."

மூன்று மிஷின்களும் ஒரே மாதிரி ஓட வேண்டுமானால், கதவில் பெயர்ப்பலகை மாட்டிய அறைக்குள் ஒன்றைக்கூட வைக்கக் கூடாது என்பதுதான் இத்தனை வருஷ சர்வீஸில் நான் கற்ற கம்ப்யூட்டர் விஞ்ஞானம்.