தூக்குவாளியில் போன அசனம்

சபையாருக்கு என் ஸ்தோத்திரம். மேடையில் பேச எனக்கு வராது. நடந்ததைச் சொல்கிறேன், மகிமை ஆண்டவருக்கே.

நாகலாபுரம் பக்கம் எங்கள் ஊர். மனைவி முன்பே போய்விட்டாள். இருந்த ஒரே மகன் ஜெபராஜையும் அஞ்சு வருஷத்துக்கு முன் எப்போதும்வென்றான் ஊர் ரோட்டில் பறிகொடுத்தேன். பைக்கை ஓட்டியவன் அவன் கூட்டாளி இம்மானுவேல். கண்மண் தெரியாத வேகம். பின்னால் இருந்த என் பிள்ளை போய்விட்டான். ஓட்டியவன் கையில் ஒரு கட்டோடு தப்பித்தான்.

அவனும் இதே சபைதான். அசன விருந்தன்று சபையே வரிசையாக உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிடும். அவன் வாளியோடு பரிமாறி வருவான். அதனால் நான் பந்தியில் உட்கார மாட்டேன். என் பங்கைத் தூக்குவாளியில் வாங்கிப்போய், கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத் தின்பேன். தொண்டையில் இறங்காது. ஜெபத்திலும், "அவனைச் சும்மா விடாதேயும்" என்றுதான் கேட்பேன்.

போன அசனத்துக்கு முந்தின நாள் கழுகுமலையிலிருந்து ஒருவர் போன் செய்தார். "எம்மகளுக்கு இம்மானுவேல்னு ஒரு பையனப் பாத்திருக்கோம். உங்க சபையாமே. பையன் எப்படி அண்ணாச்சி?"

"திங்கக்கெழம நேர்ல வாங்க, சொல்லுதேன்."

கொலைகாரன் என்று ஒரு வார்த்தை போதும், சம்பந்தம் நின்றுவிடும். மகன் போனபிறகு அன்றுதான் நான் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் எனக்கே பயமாக இருந்தது. ஏனென்று கேட்க ஆளில்லாத வீட்டில் முழங்கால் போட்டு, "என்னால் ஆகாது ஆண்டவரே, நீரே என்னைப் பிடித்து நிறுத்தும்" என்று அழுதேன்.

நிறுத்தினார். மறுநாள் நல்ல மழை. என் பங்கை வாங்கி வாளியோடு கிளம்பினால் சைக்கிள் ஆலய வாசலைத் தாண்டவில்லை. கரிசல் மண் சக்கரத்தில் அப்பி மட்கார்டு வரை அடைத்துக்கொண்டது. தள்ளினாலும் நகரவில்லை. யாரோ பக்கத்தில் குத்தவைத்துக் குச்சியால் மண்ணை நோண்டினார்கள். பார்த்தால் இம்மானுவேல்.

"நீ போயிச் சாப்பிடுலே" என்றேன். நாலு வருஷத்தில் அவனிடம் பேசிய முதல் பேச்சு.

"நான் அசனத்துல சாப்பிடுததில்ல மாமா. பரிமாறிட்டுப் போயிருவேன். நீங்க வாளியத் தூக்கிட்டுப் போறதப் பாத்தா எனக்கு எப்படிச் சோறு எறங்கும்?"

நான் தனியாகத் தின்ற நாளெல்லாம் அவன் பட்டினி கிடந்திருக்கிறான். கோபம் அந்த நிமிஷமே போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனாலும் வாளியைத் திறந்தேன். "கையக் கழுவிட்டு வாலே" என்றேன். எல்லாரும் கலைந்துபோன பந்தலில் இரண்டு பேரும் அழுதுகொண்டே சாப்பிட்டோம்.

திங்கட்கிழமை கழுகுமலைக்காரர் வந்தார். "எம்மவன் இவன் ஓட்டுன வண்டியிலதான் உயிர விட்டான். அதையும் சொல்லிருதேன். ஆனா பயப்படாமப் பொண்ணு குடுங்க. நம்ம பையன்தான்" என்றேன்.

ஜெபராஜ் திரும்பி வரவில்லை. வீடு இன்னும் வெறும் வீடுதான். ஆனால் ஜெபிக்கும்போது இப்போது யார் பேரையும் முணுமுணுத்துச் சபிப்பதில்லை. ராத்திரி தூக்கம் வருகிறது.

யார் முகத்தையோ பார்க்கப் பிடிக்காமல் இன்றைக்கு வாளியோடு வந்திருப்பவர்களே, ஆண்டவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் வழி மறிப்பார். நான் இந்த வருஷம் வாளி கொண்டுவரவில்லை. பந்தியில் என் பக்கத்தில் இடம் இருக்கிறது.